நூறு கிலோவுக்குக் கால் லிட்டர்

சொந்தக் கார் என்பது ஊருக்கு நாலு பேரிடம் மட்டுமே இருந்த நாட்களில், வாடகைக் காரைப் பிடித்துக் கிளம்புகிற ஒவ்வொரு குடும்பத்திலும் எடையைப் பற்றி ஒரு பேச்சு கட்டாயம் நடக்கும். யார் முன்சீட்டில், யார் மடியில் எந்தப் பிள்ளை, எந்தப் பையை வீட்டிலேயே விட்டுவிடுவது என்று திண்ணையிலேயே ஆரம்பித்துவிடும் அந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும், கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதற்குத் தீர்ப்புச் சொல்பவர் என் தாய்மாமா. வத்தலக்குண்டில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினார். கொடைக்கானல் சவாரி என்றால் முதல்நாள் ராத்திரியே டிக்கியைக் காலி செய்து, கூட்டித் துடைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார்.

ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், மாற்று ஃபேன் பெல்ட் ஒன்று, ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேன், சுருட்டி வைத்த ஒரு கோணி. அந்த டிக்கியில் நிரந்தரக் குடிகள் இவை மட்டும்தான். மற்றதெல்லாம் மாமா கையால் தூக்கிப் பார்த்த பிறகே ஏறும். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை எழுப்புவார், ஒரு கணம் அப்படியே வைத்திருப்பார், பிறகு கீழே விட்டுவிட்டு என் அம்மாவைப் பார்ப்பார். "அக்கா, அரிசி கொடைக்கானல்லயும் விக்கிறாங்க" என்பார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே பையைப் பிரித்து, பாதி அரிசியை மறுபடி டின்னில் கொட்டிவிட்டு வருவாள். "கார் தன்னையே தூக்கிக்கிட்டு ஏற மூச்சு வாங்குது மாப்ள, இதுல நாமளும் நம்ம சாமானும் வேற" என்று என்னிடம் தனியாகச் சொல்வார். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருந்ததால் மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் எனக்கு ஓர் இடம் உண்டு. ஸ்டீயரிங் கம்பத்திலேயே பொருத்தியிருந்த கியர்த் தண்டு ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் அது போகிற வழியை விட்டு முழங்காலை ஒதுக்கிக்கொள்வது என் வேலை.

காட்ரோடு தாண்டி மலை ஆரம்பித்ததும் மாமா பேச்சை நிறுத்திவிடுவார். மூன்றாம் கியர் திணறும் சத்தம் கேட்கும் முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுவார். டம் டம் பாறை வரும்போது ரேடியேட்டர் கொதிக்கத் தொடங்கியிருக்கும். வண்டியை ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கோணியை நனைத்து மூடியின் மேல் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதைத் துளித் துளியாகத் திருகி ஆவியை வெளியே விடுவார். புஸ்ஸென்ற அந்தச் சத்தத்துக்குக் குரங்குகள் கைப்பிடிச் சுவரிலிருந்து தாவி ஓடும். எதிரே தலையாறு அருவி மெல்லிய வெள்ளைக் கோடாகத் தொங்கும். அரைமணி நேரம் அங்கே அவித்த கடலையும் கொய்யாப்பழமும் தின்றுகொண்டு நிற்போம். அந்த அருவியை இத்தனை விவரமாக நான் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் அம்பாசிடரின் எடைதான். இன்று என் பேரப்பிள்ளைகள் ஏறிப் போகிற கார் எங்கும் கொதிப்பதில்லை, எங்கும் நிற்பதில்லை. அந்த வளைவை அவர்கள் கடக்கும் சில நொடிகளில் அருவி எந்தப் பக்கம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மரங்கள் மறைத்துவிடுகின்றன.

பின்னாளில் நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாரானேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஆற்றல் பாடம் நடத்தும்போது புத்தகத்துக் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு இதைத்தான் போடச் சொல்வேன். வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டர். ஏற வேண்டிய உயரம் 1,800. நூறு கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க வேண்டிய ஆற்றல் சுமார் 17.6 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது 3.2 கோடி ஜூல். ஆனால் அந்தக் காலத்து எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் சக்கரத்துக்குக் கொடுக்கும், மிச்சமெல்லாம் ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் சூடாகப் போய்விடும். ஆகவே கையில் நிற்பது எழுபது லட்சம் ஜூல். வகுத்துப் பார்த்தால், நூறு கிலோவுக்குக் கால் லிட்டர். உருளும் தடையும் காற்றும் தனி. இது வெறுமனே மேலே தூக்குகிற கூலி. அம்பாசிடரின் சொந்த எடை 1,100 கிலோவுக்கு மேல். நாங்கள் ஆறு பேரும் மூட்டையும் சேர்ந்தால் 1,500. தூக்குகிற கூலி மட்டும் மூணேமுக்கால் லிட்டர். பள்ளிக்கூடத்தில் எட்டாவது தாண்டாத மாமா, பெட்டியின் கைப்பிடியை இரண்டு விரற்கடை எழுப்பிப் பார்த்துப் போட்ட கணக்கும் இதுதான் என்று எனக்குப் புரிந்த நாளில், அவரை நினைத்து மனசு நிறைந்துபோனது.

இறங்கும்போது கூலி திரும்பக் கிடைக்குமா என்று பிள்ளைகளில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. அம்பாசிடரில் அது திரும்பக் கிடைக்காது. ஏற்றத்தில் பெட்ரோலாகச் செலவானது இறக்கத்தில் பிரேக் டிரம்மில் சூடாகக் கழியும். பெருமாள்மலையில் பிளம்ஸ் கூடைகளையும் பேரிக்காய் மூட்டைகளையும் பார்த்து அம்மா ஆசைப்படுவாள், "இறக்கம்தானே தம்பி, இப்போ என்ன?" என்பாள். "இறக்கத்துலதான் அக்கா பயமே" என்று மாமா ஒரு கூடைக்கு மேல் சம்மதிக்க மாட்டார். இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஊத்து தாண்டும்போது பிரேக் காய்ந்த வாசனையும் கூடையிலிருந்து பிளம்ஸ் வாசனையும் கலந்து வரும். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற டிரைவர்கள் அந்த மலையில் நிறையப் பேர் இருந்தார்கள். மாமா அதைச் செய்ததில்லை. இப்போதைய எஞ்சினில் அதனால் மிச்சமும் கிடையாது: கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் எஞ்சினைச் சும்மா ஓட வைக்கச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும்.

அப்புறம் மாருதி வந்தது. 1983 டிசம்பர் 14-ல் முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்த செய்தியைப் பத்திரிகையில் படித்த எங்களுக்கு, அந்தக் காரை நேரில் பார்க்க இன்னும் சில வருஷம் பிடித்தது. 796 சிசி, மூன்றே சிலிண்டர், பன்னிரண்டு அங்குலச் சக்கரம், எடை ஏறக்குறைய 650 கிலோ. அம்பாசிடரில் பாதிக்குக் கொஞ்சம் கூட. எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் வாங்கி வந்த அன்று, டாக்ஸி ஸ்டாண்டே அதைச் சுற்றி நின்றது. கதவைத் தட்டிப் பார்த்தவர்கள் தகர டப்பா என்றார்கள். மாமா அப்படிச் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அனுமதி கேட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து அடியில் எட்டிப் பார்த்தார். "பின்னாடி போற ஷாஃப்டே இல்ல மாப்ள" என்றார், நம்ப முடியாதவராக. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரத்தையே ஓட்டினால், நடுவில் ஓடும் நீண்ட இரும்புத் தண்டும் பின்னால் தொங்கும் கனத்த பல்சக்கரப் பெட்டியும் தேவையில்லை. எடை குறைந்ததால் சின்ன எஞ்சின் போதும்; எஞ்சின் சின்னதானதால் அதைத் தாங்கும் ஸ்பிரிங்கும் சக்கரமும் பிரேக்கும் சின்னது போதும்; அவை சிறுத்ததால் மறுபடி எடை குறையும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று தானாகக் குறைகிற இந்த அழகை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் அந்தத் தரையில், மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அந்த டாக்டரின் கார் ஒரு மழைநாளில் சாக்கடை ஓரம் பின்சக்கரம் இறங்கி நின்றபோது, டீக்கடையிலிருந்து எழுந்து போன நாலைந்து பேர் பம்பரைப் பிடித்து, ஏலேலோ கூடச் சொல்லாமல், தூக்கி ரோட்டில் வைத்தோம். காரைத் தூக்கிய கை என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தோம். அதே இடத்தில் அம்பாசிடர் இறங்கினால் டிராக்டர் வர வேண்டும். லிட்டருக்கு எட்டோ ஒன்பதோ கொடுத்த வண்டியைப் பார்த்துப் பழகிய ஊரில், பதினெட்டு கொடுக்கிறது, நல்ல ரோட்டில் இருபதும் கொடுக்கிறது என்று டாக்டர் சொன்னபோது பெட்ரோல் பங்க் பையன்கள் நம்பவில்லை. நான் நம்பினேன். கொடைக்கானல் கணக்கை அதற்கும் போட்டுப் பார்த்தேன்: காரும் ஆட்களுமாக 1,000 கிலோ, கூலி இரண்டரை லிட்டர். இந்த வேகத்தில் போனால் இரண்டாயிரமாவது ஆண்டில் கார்கள் 400 கிலோவுக்கு வந்துவிடும், லிட்டருக்கு நாற்பது கொடுக்கும் என்று கரும்பலகையில் கோடு போட்டு வகுப்பில் காட்டியிருக்கிறேன். அந்த இளைஞனின் கோடு கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. அவனுடைய நம்பிக்கை இன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது. நடந்தது வேறாக இருந்தாலும்.

லேசு என்றால் அதன் உச்சம் டி.வி.எஸ். 50. ஒசூரில் 1980-ல் பிறந்த அந்த மொபெட்டைத் தமிழ்நாட்டில் ஓட்டாத குடும்பம் எது? பங்கில் கைப்பம்பை இழுத்து ஆயிலை அளந்து பெட்ரோலோடு கலந்து ஊற்றுவார்கள். ஒரு லிட்டர் போட்டால் அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் போய் வரலாம். முன்னால் இரண்டு பால் கேன், பின்னால் புல்லுக்கட்டு, நடுவில் ஆள். பாலம் ஏறும் இடத்தில் திணறினால் பெடலை மிதித்து உதவுவோம், அதற்கும் மசியவில்லை என்றால் பின்னால் இருப்பவர் இறங்கி நடந்து வருவார். கல்யாணமான புதிதில் என் மனைவி வைகைப் பாலத்து ஏற்றத்தில் எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே இறங்கியிருக்கிறாள். நான் மேலே போய் நின்று, காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆள் எடை, சாமான் எடை, வண்டி எடை எல்லாம் காலிலும் கையிலும் தெரிந்த காலம் அது. எடை குறைந்தால் எண்ணெய் மிச்சம் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு கோடு திரும்பியது. எந்த வருஷத்தில் என்று சொல்ல முடியாது. ஏசி வந்தது, பவர் ஸ்டீயரிங் வந்தது, நாலு கண்ணாடிக்கும் மோட்டார் வந்தது, கதவுக்குள் இரும்புச் சட்டம் வந்தது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று தானாகக் கூடுகிற அதே சங்கிலி, எதிர்த் திசையில். இதில் ஒரு பகுதியை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன். அந்த 650 கிலோவுக்குள் ஏர்பேக் கிடையாது, நசுங்கியும் ஆளைக் காக்கிற கூண்டு கிடையாது. திண்டுக்கல் நெடுஞ்சாலையில் அப்படி நசுங்கிய காரிலிருந்து எடுத்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். 2017 அக்டோபர் முதல் புது மாடல்களுக்கு மோதல் சோதனை, 2019 ஜூலை முதல் ஓட்டுபவருக்கு ஏர்பேக், 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் பாதுகாப்பு நட்சத்திரங்கள் என்று வந்தவை ஏற்றிய எடை, உயிருக்குக் கொடுத்த விலை. அதில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அதோடு, பாதுகாப்புக்குக் கனம் ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. உறுதி கூடிய எஃகைக் கொண்டு மெல்லிய தகட்டிலேயே வலுவைக் கொடுக்கலாம். 2018-ல் வந்த ஸ்விஃப்ட் அதற்கு முந்தைய ஸ்விஃப்டைவிட 85 கிலோ வரை குறைந்ததே, அந்தச் செய்தியைப் படித்த அன்று மாமா இருந்திருந்தால் அதன் அடியிலும் எட்டிப் பார்த்திருப்பார்.

எனக்கு மனத்தாங்கல் உயிரைக் காக்காத எடையின் மேல்தான். உயரமாக உட்கார வேண்டும் என்பதற்காகவே உயர்த்திய உடம்பு, அதற்கேற்ற பெரிய சக்கரம், திறந்து பார்க்க வருஷத்தில் நாலு நாள் வாய்க்கிற கூரைக் கண்ணாடி. முன்னால் மாட்டிக்கொள்ளும் இரும்புக் கம்பி வேலியை 2017 டிசம்பரில் மத்திய அரசு தடுக்கச் சொன்ன பிறகும் அதைக் கழற்றாமல் ஓடும் வண்டிகளை இன்றும் பார்க்கிறேன். நடந்து போகிறவன் மேல் மோதினால் அவனைக் கொல்லும், ஏர்பேக்கைச் சரியான நேரத்தில் விரியவிடாமல் குழப்பும், இதற்கு நடுவில் பெட்ரோலையும் குடிக்கும். அரசின் விதியே எடையோடு சமரசம் செய்துகொண்டதையும் சொல்ல வேண்டும். கார் கம்பெனிகளின் சராசரி எரிபொருள் செலவுக்கு 2017-ல் வரம்பு வந்தபோது, சராசரிக் கார் 1,037 கிலோ என்று கணக்கில் எடுத்தார்கள். 2022-ல் இரண்டாம் கட்டம் வந்தபோது அந்த எடையையும் உயர்த்திக்கொண்டார்கள். ஒரு கம்பெனியின் சராசரி அதைவிட நூறு கிலோ கூடினால், நூறு கிலோமீட்டருக்கு 0.2 லிட்டர் கூடுதலாகச் செலவழிக்கச் சலுகை உண்டு. கனமான கார் அதிகம் குடிக்கும் என்பது நியாயமான கணக்கு. ஆனால் கனத்தைக் குறைப்பவனுக்கு வரம்பும் கூடவே இறுகிவிடுகிறதே, அவனுக்கு என்ன ஊக்கம்?

ஆகவே இன்றைய கொடைக்கானல் கணக்கையும் போட்டுவிடுகிறேன். நடுத்தர எஸ்.யூ.வி. 1,250 கிலோ என்று வையுங்கள், நாங்கள் ஐந்து பேரும் பெட்டிகளும் 350, மொத்தம் 1,600. இன்றைய எஞ்சின் அன்றையதைவிட எவ்வளவோ கெட்டி, பெட்ரோலில் முப்பது சதவீதத்துக்குப் பக்கம்கூடச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும், அதனால் நூறு கிலோவுக்குக் கால் லிட்டர் வேண்டாம், அதற்கும் குறைவாகவே போதும். பெருக்கினால் ஏறக்குறைய மூன்று லிட்டர். அம்பாசிடருக்கு மூணேமுக்கால், மாருதிக்கு இரண்டரை, இன்றைக்கு மூன்று. நாற்பது வருஷத்தில் எத்தனையோ பொறியாளர்கள் ராப்பகலாக உட்கார்ந்து எஞ்சினில் மிச்சம் பிடித்துக் கொடுத்ததை, நாம் உடம்பைப் பெருக்கிச் சாப்பிட்டுவிட்டோம். ஒரு காரின் எடையில் பத்து சதவீதம் குறைத்தால் எரிபொருளில் ஆறு முதல் எட்டு சதவீதம் மிச்சமாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. நாலுவழிச்சாலையில் நூறில் போகிறவனுக்குக் காற்றுத்தான் பெரிய எதிரி, எடை அடுத்ததுதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புகிற ஊருக்குள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மொத்த எடையையும் புதிதாக ஓட வைத்து, ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அதைப் பிரேக்கில் எரிக்கிறோம். மாமா காலத்தில் லிட்டர் சில ரூபாயே இருந்தபோது அரிசிப் பையைப் பிரித்துக் கொட்டினோம். நூறு ரூபாயைத் தொட்டு நிற்கும் இன்று, என் மகனின் டிக்கியில் போன வருஷத்து கிரிக்கெட் கிட்டும் இரண்டு கேன் தண்ணீரும் ஊரூராகச் சவாரி செய்கின்றன. ஸ்டெப்னி மட்டும் மெலிந்துவிட்டது. டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் டியூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020-ல் விதியை மாற்றினார்கள். மாமாவுடைய நிரந்தரக் குடிகளில் மூத்தது காலி செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது.

போன தையில் நண்பரின் எலெக்ட்ரிக் காரில் கொடைக்கானல் போய் வந்தேன். பேட்டரி ஒன்றே சில நூறு கிலோ, வண்டி மொத்தமாக அம்பாசிடரைவிடக் கனம். ஏற்றத்தில் திரையில் இருந்த சதவீதம் கரைந்த வேகத்தைப் பார்த்து எனக்கே மூச்சு வாங்கியது. ஆனால் இறங்கும்போது நடந்தது என் வாழ்நாளில் நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. பெருமாள்மலை தாண்டியதிலிருந்து அந்த எண் கூட ஆரம்பித்தது. மோட்டாரே சக்கரத்தைப் பிடித்து இழுத்து, டிரம்மில் எரிந்துபோக வேண்டியதை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது; ஊத்து தாண்டினோம், காய்ந்த வாசனை இல்லை. அடிவாரத்துக்கு வருவதற்குள் மூன்று நான்கு யூனிட் திரும்பி வந்திருக்கும். தூக்குகிற கூலியில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிற வண்டி! வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒரு பங்குதான், முழுதும் வராது. முதலில் தூக்கியாக வேண்டிய எடையும் குறையவில்லை, அந்தக் கனத்தில் தேயும் டயருக்கும் யாரோ பணம் கொடுக்கத்தான் வேண்டும். அந்தக் காரையே இருநூறு கிலோ குறைத்துச் செய்தால் சின்ன பேட்டரி போதும், சின்ன பேட்டரி என்றால் இன்னும் எடை குறையும். பழைய சங்கிலி அங்கே காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது என் மகள் கார் வாங்கப் போகிறாள். ஷோரூமுக்கு என்னையும் கூட்டிப் போனாள். திரை எத்தனை அங்குலம், ஸ்பீக்கர் எத்தனை, கூரைக் கண்ணாடி எந்த மாடலிலிருந்து என்று எல்லாம் சொன்ன அந்தப் பையனிடம், "எடை எவ்வளவுப்பா?" என்று கேட்டேன். மரியாதையான பிள்ளை, விழித்தான், செல்போனில் தேடினான், உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றான். வீட்டுக்கு வந்து, அவள் இப்போது ஓட்டும் காரின் ஆர்.சி.யை எடுக்கச் சொன்னேன். சரக்கேற்றாத எடை என்று ஒரு வரி அதில் எல்லா வண்டிக்கும் இருக்கும், உங்களுடையதிலும் இருக்கும். அவள் அதை இதுவரை பார்த்ததில்லை. வாசித்துவிட்டு, மனசுக்குள் ஏதோ வகுத்து, "அப்பா, நாங்க ரெண்டு பேரு, ஒரு குழந்தை. எங்களைத் தூக்கிட்டுப் போக இத்தனை கிலோவா?" என்றாள். அடுத்த நாள் அந்தப் பையன் அவள் பார்த்து வைத்திருந்த இரண்டு கார்களின் எடையையும் அனுப்பினான். வித்தியாசம் 260 கிலோ. சின்னதற்கும் அதே ஆறு ஏர்பேக்தான். அவளும் மாப்பிள்ளையும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.